சிவப்புக் கோட்டைத் தாண்டாதே!

கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடும்போது என்ன செய்வீர்கள் குட்டீஸ்? ஆக்சிலரேட்டரை அழுத்தினால், ரேஸ் முடியும்வரை எடுக்கவே மாட்டீர்கள், அப்படித்தானே!

சாதாரண விளையாட்டுகளில் அது போதும். ஆனால், நிஜக் காரைப் போலவே ஓடும், 'சிமுலேட்டர்' விளையாட்டுகளில் இந்த வேலை பலிக்காது. அங்கே ஜெயிக்க, இன்ஜின் சொல்வதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

திரையில் இரண்டு மீட்டர்கள் இருக்கும். ஒன்று, காரின் வேகத்தைக் காட்டும். இன்னொன்று, ஒரு நிமிடத்தில் இன்ஜின் எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும். இதைத்தான், 'ஆர்.பி.எம்.' என்கிறோம். 6,000 ஆர்.பி.எம். என்றால், நொடிக்கு 100 சுற்று!

இதற்கே வாயைப் பிளந்தால் எப்படி? 2009 முதல் 2013 வரை, 'பார்முலா 1' கார்களின் இன்ஜின், 18,000 சுற்று வரை போகலாம் என்று விதி இருந்தது. அதாவது, நொடிக்கு 300 சுற்று! 2014ல் வந்த புது விதி, அதை 15,000 ஆகக் குறைத்தது.

கியர் எதற்கு?

கியர் வைத்த சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? சின்ன கியரில் பெடல் லேசாகச் சுற்றும், ஆனால், கால் பறக்கும், வேகமோ குறைவு. பெரிய கியரில் கிளம்பினால், பெடலை மிதிக்கவே முடியாது. காரும் இப்படித்தான்.

சீக்கிரமே பெரிய கியருக்கு மாற்றினால், சுற்று குறைந்து, இன்ஜின் சோர்ந்துவிடும். மாற்றாமலே இருந்தால், முள் மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தொடும். உடனே, 'லிமிட்டர்' என்ற காவல்காரர், இன்ஜினுக்குப் போகும் எரிபொருளையோ, தீப்பொறியையோ வெட்டி வெட்டித் தருவார். கார் திக்கும், பின்னால் வருபவர் முந்திவிடுவார். எனவே, முள் சிவப்பை நெருங்கும்போதே கியரை ஏற்றிவிட வேண்டும்.

இறக்கும்போது உஷார்!

உண்மையான ஆபத்து, கியரைக் குறைக்கும்போதுதான். ஒரு கணக்கு பார்ப்போமா... சிவப்புக் கோடு, 7,500. மூன்றாவது கியரில், 6,000 சுற்றில் போகிறீர்கள். வளைவு வருகிறது. பிரேக் பிடிக்காமலே இரண்டாவது கியருக்கு மாற்றுகிறீர்கள். அந்தக் காரில், அதே வேகத்துக்கு இரண்டாவது கியரில் 1.4 மடங்கு சுற்று வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். 6,000 x 1.4 = 8,400. போச்சு!

காவல்காரர் என்ன ஆனார்? அவரால் எரிபொருளைத்தான் நிறுத்த முடியும். இப்போது இன்ஜினைச் சுற்றுவது எரிபொருள் அல்ல, ஓடும் சக்கரங்கள்! உள்ளே வால்வுகள் உரிய நேரத்தில் மூட முடியாமல், மேலே வரும் பிஸ்டனில் மோதி உடையலாம். அதனால், முதலில் பிரேக். பிறகு ஒவ்வொரு கியராக இறக்க வேண்டும்.

இன்னொரு வித்தையும் உண்டு. கிளட்ச் உள்ள காரில், கியரை இறக்கும் அந்த நொடியில், ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டுவர். இன்ஜின் சுற்று உயர்ந்து, சக்கரத்தின் வேகத்தோடு ஒத்துப்போகும். இல்லையேல், சக்கரங்கள் திடீரென இழுபட்டு, கார் பம்பரம் போல் சுழன்றுவிடலாம்.

விளையாட்டிலிருந்து நிஜத்துக்கு...

'இதெல்லாம் கற்று என்ன பயன்?' என்கிறீர்களா? பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ, 'கிரான் டூரிஸ்மோ' என்ற விளையாட்டை ஆடியவர். அதில் திறமையானவர்களைத் தேர்ந்தெடுத்து, ரேஸ் ஓட்டுனராக்கும் போட்டியில், 2011ல் வென்றார். 2013ல், பிரான்சில் நடக்கும், 'லெ மான்ஸ் 24 மணி நேர' ரேசில், தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் இருந்தார்!

நீங்களும் முயன்று பாருங்கள். சில சுற்றுகள், மீட்டரைப் பார்க்காமல், சத்தத்தை வைத்தே கியர் மாற்றிப் பழகுங்கள். கண், சாலையிலேயே இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிமுலேட்டரில் இன்ஜின் உடைந்தால், பட்டனைத் தட்டியதும் புதுக் கார் வந்து நிற்கும். நிஜச் சாலையில் அந்தப் பட்டன் கிடையாது. அப்பாவின் கார் சாவி, உங்களுக்கு 18 வயதாகி, லைசென்ஸ் வாங்கும் வரை ஆணியிலேயே தொங்கட்டும், சரியா குட்டீஸ்!