முதலில் விற்பனை, பிறகு பேட்டன்ட்டா?

"கண்டுபிடிச்சது நான், பேட்டன்ட் எனக்குத்தானே?" என்று நம்ம ஒர்க்‌ஷாப்பில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு சுலபமில்லை.

தோல் ஹோஸை ரிவெட் அடித்து இணைக்கும் முறையை அமெரிக்காவில் பென்னாக்கும் அவர் கூட்டாளியும் 1811-ல் கண்டுபிடித்தார்கள். பேட்டன்ட் வாங்கியதோ 1818-ல். இடையில் அவர்கள் சம்மதத்தோடு இன்னொருவர் ஃபிலடெல்ஃபியா நகரில் 13,000 அடிக்கு மேல் செய்து விற்றுவிட்டார்! பிறகு, காப்பியடித்ததாக வேறொருவர் மேல் வழக்குப் போட்டார்கள். 1829-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், பேட்டன்ட் செல்லாது என்றது. வருஷக்கணக்கில் காசு பார்த்துவிட்டு, போட்டி வந்ததும் பேட்டன்ட் கேட்டால் எப்படி? எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

"சரிப்பா, மெஷினை யாருக்கும் காட்டாம ஓட்டி, பொருளை மட்டும் வித்தா?" அதற்கும் நம் நாட்டு 1970-ஆம் வருட பேட்டன்ட் சட்டம் 64-ஆம் பிரிவில் வழி அடைத்திருக்கிறது. மனுப் போடுமுன் நாமே இந்தியாவில் ரகசியமாகப் பயன்படுத்தியிருந்தால், பேட்டன்ட்டை ரத்து செய்ய அது ஒரு காரணம். நியாயமான சோதனை ஓட்டத்துக்கு விலக்கு உண்டு.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டைப் பக்கத்துப் பட்டறைக்காரர் விலைக்குக் கேட்டால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். முதலில் கிண்டி பேட்டன்ட் ஆபீசில் தற்காலிக விவரக்குறிப்போடு மனுப் போடுங்கள். முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் கிடைக்கும்.