கொட்டாவி விட்டார், திறந்த வாய் மூடவில்லை!

இரவு 9 மணி. பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. அன்றைய கணக்கை முடித்துவிட்டுக் கல்லாவைப் பூட்டப்போன கணக்குப்பிள்ளை பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். அவ்வளவுதான். திறந்த வாய் மூடவே இல்லை!

பேச்சு வரவில்லை. எச்சில் வழிந்தது. கண்ணில் தண்ணீர். கடைப்பையன் பயந்துபோய், "ஐயாவுக்கு வாதம் வந்துடுச்சு!" என்று அலறினான். பக்கத்துக் கடைக்காரர், "மோவாயில ஒரு குத்து விட்டா சரியாப் போயிடும்" என்று கையை ஓங்கிவிட்டார். முதலாளி தடுத்து, ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டர் கட்டை விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டார். (வாய் பட்டென்று மூடும்போது டாக்டர் விரல் போய்விடக்கூடாதே!) இரண்டு பக்கமும் கீழ்க் கடைவாய்ப் பல் மேல் விரலை வைத்துக் கீழே அமுக்கி, அப்படியே பின்னால் தள்ளினார். 'களக்' என்று சத்தம். வாய் மூடிக்கொண்டது. கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்கிரட்டீஸ் காலத்திலேயே, அதாவது 2 ஆயிரம் வருடத்துக்கு முன்பே இருந்த முறை இது. ஆனால் வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அசைகிறதே, அதுதான் தாடை மூட்டு. இது கதவுக் கீல் மாதிரி திரும்பும். மேஜை இழுப்பறை மாதிரி முன்னாலும் நகரும். எலும்பும் எலும்பும் உரசாமல் நடுவே மெத்தை போல ஒரு தட்டு. வாய் அளவுக்கு மீறித் திறந்தால், எலும்பின் தலை முன்னால் இருக்கும் மேட்டைத் தாண்டிவிடும். சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். திரும்ப வராது.

இப்படிக் கழன்றுகொள்வது எப்போதோ ஒருவருக்கு. சத்தமில்லாமல் வருடக்கணக்கில் படுத்துவதுதான் அதிகம். காதுவலி, பொட்டுவலி, மென்றால் வலி. பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது.

காது வலித்தால் யாருக்குத் தாடை ஞாபகம் வரும்? என் சித்தப்பா ஒரு வருடம் காதில் சொட்டு மருந்து விட்டார். அப்புறம் பல்தான் காரணம் என்று சொல்லி, ஓர் இடத்தில் நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பல் போனது, வலி போகவில்லை!

கடைசியில் பார்த்த பல் டாக்டர், மற்ற பற்கள் தேய்ந்திருப்பதைக் கவனித்து, தூக்கத்தில் பல்லைக் கடிப்பாரா என்று கேட்டார். சித்தி சொன்னாள்: "ராத்திரி பூரா நறநறன்னு கடிப்பாரு. வயித்துல பூச்சின்னு நெனச்சு மருந்து குடுத்துக்கிட்டிருந்தேன்!"

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. பற்களுக்கு நடுவே ராத்திரியில் மாட்டிக்கொள்ள அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் தகடு. வெந்நீர் ஒத்தடம். சில வாரம் குழைந்த சாதம், இட்லி; முறுக்கு, கரும்பு கூடாது. கொஞ்ச நாள் வலி மாத்திரை. பெரும்பாலோருக்கு இதிலேயே குணமாகிவிடும். ஆபரேஷன் வரை போவது வெகு சிலர்தான். வலியில்லாமல் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வந்தால் வைத்தியமே தேவையில்லை.

பாக்கு, பான் மசாலா போடுகிறவர்கள் மட்டும் ஜாக்கிரதை! மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் அது மூட்டுக் கோளாறாக இல்லாமல் இருக்கலாம். பாக்கினால் கன்னத்தின் உள்சதை இறுகிப்போகும். அது புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். உடனே காட்டுங்கள். அரசு பல் மருத்துவமனை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரேதான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளையை நேற்றுப் பார்த்தேன். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று முஷ்டியை மோவாய்க்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டார். "என்ன சார்?" என்றேன்.

"கொட்டாவி வருது தம்பி!"