வழுக்கைக்கு ஸ்டெம் செல் ஊசியா?

காலையில் சீப்பைப் பார்த்துக் கவலைப்படாதவர் நம் ஹாஸ்டலில் உண்டா?

முடி முளைப்பது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையிலிருந்து. புது முடிக்கான மூல செல், அதாவது ஸ்டெம் செல், அங்கேயே இருக்கிறது. பரம்பரை வழுக்கையில் டி.எச்.டி. என்ற ஹார்மோன் வேர்ப்பையைச் சுருக்கிவிடுகிறது. 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வழுக்கைத் தோலைச் சோதித்தார்கள். ஸ்டெம் செல் குறையவில்லை. அதிலிருந்து உருவாகும் அடுத்தகட்ட செல்கள்தான் குறைந்திருந்தன. எங்க ஊர் பாப்பாரப்பட்டிக் கணக்கில் சொன்னால், விதை இருக்கு, முளைக்கலை! மேலும் விதை கொட்டினால் மட்டும் முளைத்துவிடுமா?

பழைய வைத்தியம் மெதுவானதுதான். ரத்தக்கொதிப்பு மாத்திரையாக வந்த மினாக்சிடில், தலையில் தடவும் மருந்தாக 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆண்களுக்கான ஃபினாஸ்டிரைடு மாத்திரை 1997-இல். இரண்டுமே நிறுத்தினால் பலனும் போச்சு. பின்மண்டை முடியை எடுத்து முன்னால் நடுவதும் உண்டு. ஆனால் அது ஆபரேஷன். 2016-இல் சென்னையில் அப்படிச் செய்துகொண்ட இளம் மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார்.

ஓசூரில் வேலை செய்யும் என் அண்ணன், என்னைப் படிக்க வைப்பவர், "பொண்ணு பார்க்கிறாங்கடா, சீட்டு எடுத்து ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கவா? படிச்சவன் நீதான் சொல்லணும்" என்றார். எங்கள் வீட்டில் முதலில் படிப்பவன் நான், அதுவும் மெக்கானிக்கல்! தேடிப் படித்ததைச் சொன்னேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிப்படி, ரத்த நோய் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, ஸ்டெம் செல்லை ஆராய்ச்சியில் மட்டுமே தரலாம். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அண்ணனிடம் கேட்டதோ முன்பணம்!