இறக்கை நுனியில் ஒரு குட்டி இறக்கை!

விமானத்தின் இறக்கை நுனியைக் கவனித்திருக்கிறீர்களா, நண்பர்களே? பல விமானங்களில் அது மேல்நோக்கி மடிந்து நிற்கும். அதன் பெயர் 'விங்லெட்'. குட்டி இறக்கை என்று அர்த்தம். அழகுக்காக வைத்தது இல்லை!

வாளித் தண்ணீரில் உள்ளங்கையை விறைப்பாக வைத்து வேகமாக இழுத்துப் பாருங்கள். கையின் ஓரங்களில் நீர் சுழியும். விமானத்துக்கும் இதே தொல்லைதான். பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. கீழே இருக்கும் காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். அதனால் உண்டாகும் சுழல் விமானத்தைப் பின்னால் இழுக்கும். எரிபொருள் வீண்!

நுனியில் ஒரு பலகையை நிறுத்தினால் சரியாகிவிடாதா? இங்கிலாந்தின் லாஞ்செஸ்டர் 1897-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் தட்டையான பலகை தானும் காற்றில் தடையாக நின்றது. மிச்சமான எரிபொருள் அதிலேயே போய்விட்டது.

1973-ல் பெட்ரோலிய விலை எகிறியது. அப்போது இதைக் கையில் எடுத்தவர் நாசாவின் ரிச்சர்ட் விட்காம்ப். (நாசா என்றால் ராக்கெட் மட்டும்தானா? அந்தப் பெயரின் முதல் 'ஏ' விமானவியலைத்தான் குறிக்கிறது!) சோதனை மாதிரிகளைத் தானே அரம் எடுத்து ராவித் திருத்துகிற மனிதர் அவர். நுனியில் நிற்பது பலகையாக இருக்கக்கூடாது, அதுவும் ஓர் இறக்கை போல வளைந்திருக்க வேண்டும் என்று காற்றுச் சுரங்கச் சோதனையில் காட்டினார்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. ஆனால் நாசா விமானம் செய்து விற்பதில்லையே! அது அரசு ஆய்வுக்கூடம். செலவாவது மக்களின் வரிப்பணம். அதனால் கண்டறிந்ததை எல்லோருக்கும் பரப்ப வேண்டும் என்று நாசாவை உருவாக்கிய 1958-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. விட்காம்பின் அறிக்கை 1976-ல் வெளியானது. அடுத்த ஆண்டே 'லியர்ஜெட் 28' என்ற சிறு விமானம் விங்லெட்டோடு பறந்தது.

பெரிய விமானம் என்றால் கதை வேறு. நுனியில் எடை கூடினால் இறக்கையையே பலப்படுத்த வேண்டும். தோற்றால் கோடிக்கணக்கில் நஷ்டம். எந்தக் கம்பெனி முதலில் துணியும்? அந்தச் சோதனையை அரசே செய்தது. அமெரிக்க விமானப்படையின் கேசி-135 விமானத்தில் விங்லெட் பொருத்தி, 1979, 1980-ம் ஆண்டுகளில் கலிபோர்னியா பாலைவனத்தின் மேல் பறக்கவிட்டார்கள். நூறு லிட்டருக்குச் சுமார் ஆறு லிட்டர் மிச்சம்!

வேடிக்கை என்னவென்றால், விமானம் கொடுத்த விமானப்படை தன் கேசி-135 விமானங்களுக்கு விங்லெட் போடவில்லை. எஞ்சின்களை மாற்றிக்கொண்டது! பயணிகள் விமானங்கள்தான் பிடித்துக்கொண்டன. 1989-ல் சேவைக்கு வந்த போயிங் 747-400-ல் விங்லெட் இருந்தது.

அடுத்த முறை விமானப் படம் கிடைத்தால் நுனியைத் தேடுங்கள். போயிங் 787-ல் மடிப்பு இருக்காது. நுனி பின்பக்கமாகச் சாய்ந்து கூராக முடியும். அதே சுழலை அடக்க அது இன்னொரு வழி!