சுடாத மண்ணில் பதியும் சுவடு

குஜராத் மாநிலத்திலுள்ள லோத்தல், சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த ஒரு வணிக நகரம். 1950களில் அங்குத் தொடங்கிய அகழாய்வில் பண்டகசாலை ஒன்றின் மேடையும், முத்திரை பதித்த மண்வில்லைகள் பலவும் வெளிப்பட்டன. சரக்குப் பொதியைக் கயிற்றால் கட்டி, அதன் முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, அம்மண்ணில் தம் முத்திரையை அழுத்துவது அக்கால வணிகர் வழக்கம். வில்லையின் முன்புறத்தில் விலங்குருவமும் எழுத்தும் தெரிகின்றன. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் துணியின் ஊடும் பாவும், நாணற்பாயின் பின்னலும், கயிற்றின் முறுக்கும் அப்படியே பதிந்துள்ளன.

முன்புறப் பதிவை வணிகர் விரும்பி இட்டார். பின்புறப் பதிவை எவரும் இடவில்லை. மண் தானாகவே வாங்கிக்கொண்டது. அந்தத் துணியும் பாயும் கயிறும் மண்ணோடு மண்ணாகி நாலாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. அவற்றின் உருவம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அது எஞ்சியதற்கும் ஒரு காரணம் உண்டு. பண்டகசாலையில் மூண்ட தீ அந்தப் பச்சைமண் வில்லைகளைச் சுட்டுக் கெட்டியாக்கியது. கட்டடத்தை அழித்த நெருப்பே வில்லைகளைக் காத்தது.

நெருப்பின் உதவி இல்லாமல், காற்றில் மட்டும் உலரும் மண்ணில் அச்சுகளைப் பதித்து, அதனோடு மரம், துணி, காகிதம், வண்ணம் முதலியவற்றைச் சேர்த்து உருவாக்கும் கலையைப் பற்றியது இக்கட்டுரை. ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களும் முறைகளும் ஒரே படைப்பில் இணைவதால் இதனைக் கலப்பு ஊடகக் கலை என்பர். சூளை வேண்டாம், சக்கரம் வேண்டாம், வீட்டுத் திண்ணையே போதும். ஆயினும், சுடாத மண் எளிய பொருளன்று. அதன் இயல்பை அறியாமல் கைவைத்தவர்கள் விரிசலையும் வளைவையுமே பரிசாகப் பெறுவர்.

உலர்தலும் சுடுதலும்

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அளவுடையவை. அவை மணலைப்போல் உருண்டையாக இல்லாமல் தட்டையான தகடுகளாக அமைந்திருக்கின்றன. தகடுகளுக்கிடையே நீர் நிற்கும்போது ஒன்றன்மீது ஒன்று வழுக்கி நகர்கின்றன. நாம் அழுத்தினால் மண் குழைவதும், கையை எடுத்த பின்னும் அழுத்திய வடிவிலேயே நிற்பதும் இதனால்தான்.

நீர் ஆவியாகும்போது தகடுகள் நெருங்குகின்றன; மண் சுருங்குகிறது. வெறுங் களிமண்ணால் செய்த பத்து செ.மீ. நீளத் தகடு, உலர்ந்தபின் அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை குறையக்கூடும். உலர்ந்த மண்ணை மீண்டும் நீரில் இட்டால் தகடுகளுக்கிடையே நீர் புகுந்து மண் கரைந்துவிடும். ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போதுதான் துகளின் உள்ளமைப்பிலேயே பிணைந்துள்ள நீர் வெளியேறி, மண் மீளமுடியாத மாற்றத்தை அடைகிறது. சுட்ட பானை உடையும், கரையாது. சுடாத பானை காய்ந்த மண்ணாகவே இருக்கிறது. பச்சை மண் கலத்தில் நீரை ஊற்றிவைக்கும் அறியாமையைத் திருவள்ளுவர் வினைத்தூய்மை அதிகாரத்தில் உவமையாகக் கையாள்வதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். இக்கலையின் ஒவ்வொரு விதியும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கிறது.

கடைகளில் விற்கும் 'காற்றில் உலரும் களிமண்' இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் வகையில் நார், பசை போன்றவை கலந்து தயாரிக்கப்படுகிறது. இதை நம் ஊர்க் கலைஞர்கள் நெடுநாளாக அறிவர். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகிய ஊர்களில் கொலுப் பொம்மை செய்வோர் களிமண்ணையும் காகிதக்கூழையும் கையாள்கின்றனர். கூழிலுள்ள நார் மண்துகள்களைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால் விரிசல் குறைகிறது, எடையும் குறைகிறது. வீட்டில் செய்ய விரும்புவோர் சலித்து ஊறவைத்த களிமண் மூன்று பங்குக்கு, ஊறவைத்து அரைத்துப் பிழிந்த காகிதக்கூழ் ஒரு பங்கு என்ற அளவில் தொடங்கலாம். கூழ் கலந்த மண் நாள்பட்டால் பூஞ்சை பிடித்து நாறும். மழைக்காலத்தில் இது விரைவில் நிகழும். ஆகவே, வேண்டிய அளவு மட்டும் பிசைந்து இரண்டொரு நாளில் பயன்படுத்திவிடுவதே நன்று.

அச்சின் தலைகீழ்க் கணக்கு

அச்சுக்கலை நமக்குப் புதிதன்று. மசூலிப்பட்டினத்துக் கலம்காரித் துணிகளில் மரக்கட்டை அச்சுகள் வண்ணம் ஒற்றுகின்றன. சமையலறையில் மோதக அச்சு இருக்கிறது. அலுவலகத்தில் ரப்பர் முத்திரை இருக்கிறது. ஆனால், துணியில் ஒற்றுவதற்கும் மண்ணில் பதிப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. துணி அச்சில் மேடான பகுதி வண்ணத்தைச் சுமந்துசென்று துணியில் வைக்கிறது. பள்ளமான பகுதி எதையும் தொடுவதில்லை. மண்ணிலோ இரண்டுமே வேலை செய்கின்றன. அச்சின் மேடு மண்ணில் பள்ளமாகிறது. அச்சின் பள்ளம் மண்ணில் மேடாக எழுகிறது. சிந்துவெளி முத்திரைகளில் உருவங்களைக் குடைந்து செதுக்கியதன் நோக்கம், அவை மண்ணில் புடைப்பாக எழவேண்டும் என்பதே. ரப்பர் முத்திரையில் உருவம் மேடாக இருப்பதால் அது மண்ணில் கோடு கீறியதுபோல் தாழ்ந்து பதியும். எந்த விளைவு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டுதான் அச்சைச் செதுக்கவேண்டும்.

இடவலமும் மாறும். 'ப' என்னும் எழுத்தை நேராகச் செதுக்கினாலும் தப்பில்லை. கண்ணாடியிலும் அது பெரிதும் 'ப' போலவே தெரியும். 'ட' என்று செதுக்கினால் மண்ணில் அது புறமுதுகு காட்டி நிற்கும். எழுத்தை மெல்லிய தாளில் எழுதி, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, பின்புறம் தெரியும் வடிவத்தை அச்சில் படியெடுப்பதே எளிய வழி. சிந்துவெளி எழுத்து பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டது என்று அறிஞர் கருதுவதும், முத்திரையை வைத்தன்று. அது மண்ணில் விடும் பதிவை வைத்தே.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இத்தாலியிலிருந்து கடல்கடந்து வந்த செந்நிற மட்கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றில் கலம் செய்தவரின் பெயர் சிறு முத்திரையாகப் பதிந்திருந்தது. கலத்தில் உண்டவர் யாரென்று தெரியாது; செய்தவர் பெயர் தெரிகிறது. உங்கள் பெயரின் முதலெழுத்தை ஓர் அழிப்பானில் செதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். படைப்பின் மூலையில் கையொப்பமாக அது பயன்படும்.

அச்சு வேண்டுமென்று கடைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. பூவரச இலையின் நரம்பு, கிளிஞ்சலின் வரி, கயிற்றுத் துண்டு, பழைய சேலையின் சரிகைக் கரை, கோரைப்பாயின் ஓரம் ஆகியவையெல்லாம் அச்சுகளே. இலையை அதன் பின்புறம் மண்ணில் படுமாறு வைக்கவேண்டும். நரம்புகள் புடைத்திருப்பது அப்பக்கத்தில்தான்.

பதம்

மண்ணைப் பிசைந்து காற்றுக் குமிழிகளை வெளியேற்றியபின், துணி விரித்த பலகைமேல் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தகடாகப் பரப்பவேண்டும். இருபுறமும் ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள மரச்சட்டங்களை வைத்து, அவற்றின்மேல் கட்டை உருளுமாறு செய்தால் தகடு எங்கும் ஒரே கனமாக அமையும். இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கனம் மாறினால் மெல்லிய இடம் முன்னதாக உலர்ந்து சுருங்கும். தடித்த இடம் பின்தங்கும். இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் தகடு பிளக்கும்.

அச்சைப் பதிக்கும் நேரத்தை எந்த நூலும் கடிகாரத்தால் சொல்ல இயலாது. மிகவும் ஈரமாக இருக்கையில் அழுத்தினால் மண் அச்சோடு ஒட்டிக்கொண்டு எழும்பும், கோடுகள் மழுங்கும். காய்ந்துவிட்டால் அச்சின் ஓரங்களில் மயிரிழை விரிசல்கள் தோன்றும். விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. மெல்ல வளைத்தால் வெடிக்கக்கூடாது. அதுவே பதம். சோளமாவை அச்சின்மேல் மெல்லத் தூவித் தட்டிவிட்டால் ஒட்டாமல் எழும். மாவு கூடினால் நுண்கோடுகள் அடைபடும். அச்சை நேராக வைத்து, நேராக அழுத்தி, நேராக எடுக்கவேண்டும். சரியாகப் பதியவில்லையே என்று அதே இடத்தில் மீண்டும் அழுத்துவது வீண். இரண்டு பதிவுகளும் ஒன்றையொன்று கெடுக்கும். தகட்டைப் பிசைந்து மறுபடியும் தொடங்குவதே முறை. ஈரம் இருக்கும்வரை மண் எத்தனை பிழையையும் மன்னிக்கும்.

தனியே செய்த பூ, கொடி போன்றவற்றைத் தகட்டின்மேல் ஒட்டுவதானால், இரண்டு பரப்புகளையும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி அழுத்தவேண்டும். வெறும் நீரைத் தொட்டு ஒட்டியவை உலர்ந்ததும் உதிர்ந்துவிடும்.

காத்திருத்தல்

இக்கட்டுரையாளர் முதன்முதலாகச் செய்த பலகை, வேப்பிலைக் கொத்து ஒன்றின் பதிவு. மாலைக்குள் உலரவேண்டும் என்ற அவசரத்தில் அதை மாடி வெயிலில் வைத்தேன். உச்சிப்பொழுதில் சென்று பார்த்தபோது நான்கு மூலைகளும் அப்பளம்போல் மேலெழுந்து, நடுவே ஒரு விரிசல் இலைக்காம்பின் வழியே ஓடியிருந்தது. மேற்பரப்பு வெயிலில் உலர்ந்து சுருங்க, அடிப்பரப்பு பலகையோடு ஒட்டி ஈரமாகவே இருந்ததன் விளைவு அது. அந்த விரிசல் இலைக்காம்பைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயலன்று. ஆழமாக அழுத்திய அந்த இடத்தில்தான் தகடு மிக மெலிந்திருந்தது.

நிழலில், காற்று மெல்ல உலவும் இடத்தில், மெல்லிய துணியைப் போர்த்தி உலர்த்தவேண்டும். அரைநாளுக்கு ஒருமுறை திருப்பிப் போடவேண்டும். தகட்டின் கனத்தையும் காலநிலையையும் பொறுத்து ஒன்று முதல் மூன்று நாள்வரை ஆகும்; ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம்கூட ஆகலாம். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரிகிறதா? இன்னும் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். முழுதும் உலர்ந்தபின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்கலாம். அப்போது எழும் நுண்துகள் மூச்சில் புகுந்தால் நுரையீரலுக்குத் தீங்கு. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதோடு, தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும்.

பல பொருள்கள், ஒரு படைப்பு

பல ஊடகங்களை ஒன்றாக்குவதற்குத் தஞ்சாவூர் ஓவியத்தைவிடச் சிறந்த ஆசிரியர் நமக்கு இல்லை. மரப்பலகைமேல் துணி, துணிமேல் சுண்ணப்பூச்சு, அதன்மேல் சுண்ணத்தூளும் பசையும் குழைத்த சாந்தால் எழுப்பிய புடைப்பு, புடைப்பின்மேல் பொன்தகடு, இடையிடையே கற்கள், எஞ்சிய இடத்தில் வண்ணம். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பணி உண்டு. பலகை தாங்குகிறது; துணி, பலகையின் அசைவு பூச்சைப் பிளக்காமல் காக்கிறது; புடைப்பு, பொன்னின்மேல் ஒளி விழுந்து உருளுவதற்கு இடந்தருகிறது. கிடைத்ததையெல்லாம் ஒட்டுவது கலப்பு ஊடகம் ஆகாது.

மண்தகட்டிலும் இவ்வாறே சிந்திக்கவேண்டும். சுடாத மண் வளைந்து கொடுக்காது. ஆதலால் அதற்குக் கெட்டியான மரப்பலகை அடித்தளம் ஆகிறது. அதற்கு நிறம் ஒன்றே; ஆதலால் வண்ணம் தேவைப்படுகிறது. நீர் கலந்த அடர்பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தகடு முழுதும் பூசி, உடனே ஈரப்பஞ்சால் துடைத்தெடுத்தால், மேட்டில் வண்ணம் நீங்கிப் பள்ளத்தில் தங்கும். கண்ணுக்குத் தெரியாதிருந்த இலை நரம்பெல்லாம் ஒரு நொடியில் எழுந்து நிற்பதைக் காண்பது இக்கலையில் தனி மகிழ்ச்சி. ஆனால், இந்த ஈரமே தகட்டைக் கரைத்துவிடவும் கூடும். எனவே, முதலில் நீர்த்த வெண்பசையை ஒருமுறை பூசி உலரவிடவேண்டும். இறுதியில் இருபுறமும் வார்னிஷ் பூசினால் காற்றின் ஈரத்திலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும். அப்போதும் அது சுவரில் மாட்டும் பொருள்தான். அதில் உணவு வைக்கவோ நீர் ஊற்றவோ கூடாது.

கரைவதே குறை என்று சொல்லிவந்தோம். விநாயகர் சதுர்த்திக்கு மண்பிள்ளையார் செய்வோரைக் கேட்டால் வேறு விடை கூறுவர். அங்கே கரைவதற்காகவே மண் சுடப்படாமல் விடப்படுகிறது. பூசை முடிந்ததும் நீரில் கரைந்து, வந்த இடத்திற்கே அது திரும்புகிறது.

பசையோ வண்ணமோ கலவாத களிமண் தகடு விரிசல் விட்டாலோ உடைந்தாலோ எறிந்துவிட வேண்டாம். துண்டுகளை முற்றிலும் உலரவிட்டு, ஒரு வாளியில் இட்டு, மூழ்கும்வரை நீர் ஊற்றி வையுங்கள். அரைகுறை ஈரத்தோடு இருக்கும் துண்டைவிட நன்றாக உலர்ந்த துண்டே விரைவில் நீரைக் குடித்துக் குமிழிவிட்டு இளகும். மறுநாள் காலையில் இலையும் எழுத்தும் மறைந்து, வாளியின் அடியில் சேறு படிந்திருக்கும். மேலே தெளிந்த நீரை வடித்துவிட்டுச் சேற்றைத் துணியில் பரப்பினால், மாலைக்குள் பிசையும் பதத்திற்கு வந்துவிடும்.