தலையணைக்குள் பத்து லட்சம்! உங்களுக்குத் தெரியுமா?

நீங்கள் தலை சாய்க்கும் தலையணை வெறும் பஞ்சு மூட்டை என்றா நினைக்கிறீர்கள்? 2005-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய தலையணைகளைப் பிரித்து மேய்ந்தார்கள். ஒவ்வொன்றிலும் 4 முதல் 16 வகைப் பூஞ்சைகள்! ஒரு தலையணைக்குப் பூஞ்சை வித்துகள் எத்தனை தெரியுமா? பத்து லட்சத்துக்கும் மேல்!

இறகுத் தலையணையில்தான் பூஞ்சை அதிகம் என்று நினைப்போம். இல்லவே இல்லை! அதிக வகைகள் சிக்கியது செயற்கைப் பஞ்சில்!

அடுத்த குடித்தனக்காரர், தூசிப்பூச்சி. பெயர்தான் பூச்சி. 8 கால், சிலந்திக்குச் சொந்தம்! நீளம் வெறும் 0.3 மில்லிமீட்டர்! சாப்பாடு, உங்கள் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்!

தண்ணீர் குடிக்காமலே வாழும் ஜீவன் இது! காற்றிலுள்ள ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும்.

காலையில் அடுக்குத் தும்மலா? முக்கியக் குற்றவாளி அதன் எச்சம். ஒரு பூச்சி ஒரு நாளைக்குப் போடுவது சுமார் 20!

பச்சைத் தண்ணீரில் எவ்வளவு துவைத்தாலும் பூச்சி அசராது. வேண்டியது 60 டிகிரி வெந்நீர்!

வெந்நீர் ஆகாத குட்டித் தலையணையா? பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் பூச்சி காலி! எச்சம் மட்டும் அப்படியே இருக்கும். அதற்கு அலசித்தான் ஆக வேண்டும்.

வெயில் மட்டும் சும்மாவா? நேரடி வெயிலில் போட்ட கம்பளத்தில் ஒரு பூச்சிகூட மிஞ்சவில்லை என்று 1994-லேயே ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்லிவிட்டது. மொட்டை மாடியில் தலையணை காயப்போடும் பாட்டிகளுக்கு இந்த ஆய்வே தேவையில்லை!

இனி வருவதுதான் நான் தேடிப் பிடித்ததிலேயே உச்சம். போடிநாயக்கனூர் பேர்போன இலவம் பஞ்சு இருக்கிறதே, அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழாய்! மேலே மெழுகுப் பூச்சு! தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதனால் இரண்டு உலகப் போர்களிலும் கடற்படையினரின் உயிர்காக்கும் சட்டைக்குள் போனது இந்தப் பஞ்சுதான்! ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இந்தப் பஞ்சு வரத்து நின்றது. அதற்கு மாற்றாக அங்கே பள்ளிப் பிள்ளைகள் நம் எருக்குக்கு உறவான ஒரு செடியின் காய்களைப் பறித்துக் கொடுத்தார்கள். 2 மூட்டைக் காய்க்கு 1 சட்டை!

அப்பேர்ப்பட்ட பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால்? கட்டி கட்டியாகத் திரண்டுவிடும்! உறையைத் துவையுங்கள், பஞ்சை வெயிலில் உலர்த்துங்கள்.

மெமரி ஃபோம் பிறந்தது 1966-ல், நாசாவுக்காக! விமான இருக்கைக்கென்று செய்தது. அதை வாஷிங் மெஷினில் போட்டால் பிய்ந்து வரும்!

சாதாரணப் பாலியஸ்டர் தலையணையைத் தாராளமாக மெஷினில் போடலாம். டிரையரில் கூடவே 2 டென்னிஸ் பந்து! பந்து அடிக்கிற அடியில் கட்டி உடைந்து உப்பிக்கொள்ளும்!

மஞ்சள் கறை போக பிளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள். கிளம்புவது குளோரின். 1915-ல் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர்கள் திறந்துவிட்ட அதே விஷவாயு!

தினம் 8 மணி நேரம் தூங்கினால், தலையணையோடு உங்கள் உறவு ஆண்டுக்கு 2,920 மணி நேரம்!

இன்று ராத்திரியே ஒரு சோதனை. தலையணையை இரண்டாக மடித்துக் கையை எடுங்கள். மடித்தது மடித்தபடியே கிடக்கிறதா? துவைக்கவே வேண்டாம், புதுசு வாங்குங்கள்!