தொடுவாய் அடைத்த களப்பும் மெமரி காட்டும்

“64 ஜிபி என்று எழுதியிருந்த மெமரி காட்டை வாங்கிப் போனில் போட்டால் 59 என்றுதான் காட்டுது. மிச்சம் எங்கை போனது?” முல்லைத்தீவு, நாயாறு பக்கத்து வாசகர்கள் மட்டுமல்ல, போன் வைத்திருக்கும் எல்லாரும் ஒருமுறையாவது கேட்ட கேள்வி. கடைக்காரரில் பிழையில்லை. காட்டைச் செய்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைற்று என்று எண்ணுகிறார்கள். போன்களும் கணினிகளும் பல வேளைகளில் 107,37,41,824 பைற்றை ஒரு ஜிபி என்று எண்ணுகின்றன. 6400 கோடியை இந்த எண்ணால் வகுத்தால் 59.6 வரும். இரண்டாவது கணக்குக்கு ‘ஜிபிபைற்று’ என்று 1998இலேயே தனிப்பெயர் வைத்தாயிற்று. போன் திரையில் அந்தப் பெயரைக் காட்டத்தான் ஆளில்லை.

‘மெமரி’ என்ற சொல் இதைவிடக் குழப்பமானது. விளம்பரம் ‘8 ஜிபி மெமரி, 128 ஜிபி மெமரி’ என்று ஒரே மூச்சில் சொல்லும். முதலாவது ராம், மின் நின்றதும் வெறுமையாகிவிடும். இரண்டாவது சேமிப்பகம்; போன் அணைந்தாலும் படம் அங்கேயே இருக்கும். மின் இல்லாமல் அது எப்படி இருக்கிறது என்பதில்தான் இந்தப் பொருளின் அழகு முழுவதும் அடங்கியிருக்கிறது.

கோடையில் மணல் திரண்டு தொடுவாயை அடைத்துவிட்ட ஒரு களப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் ஒரு பக்கம், உள்ளே அகப்பட்ட நீர் மறுபக்கம், நடுவில் மணல்திட்டு. மெமரி காட்டின் ஒவ்வொரு நுண்கலமும் அப்படியொரு களப்பு. நீருக்குப் பதில் இலத்திரன்கள். மணல்திட்டுக்குப் பதில் பத்து நனோமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள சிலிக்கன் ஒட்சைட்டுப் படை. ஏறத்தாழ 20 வோல்ற்று அழுத்தம் கொடுத்தால் இலத்திரன்கள் திட்டை வெட்டாமல், மேலாலும் பாயாமல், ஊடாகவே உள்ளே போய்விடுகின்றன. மணலைக் கடந்த நீர் மணலில் ஓர் ஓட்டையும் விடாததைப் போன்றது இது. குவாண்டம் விதி அனுமதிக்கும் இந்த ஊடுருவலை முதல்முறை படிக்கும் எவரும் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று யோசிப்பார்கள். அழுத்தத்தை எடுத்ததும் இலத்திரன்கள் உள்ளே சிறைப்படும். பிறகு மின் தேவையில்லை.

வாசிப்பது நீர்மட்டம் பார்ப்பது போல. கம்பொன்றை நட்டு ‘நிறைவு, வற்று’ என்று இரண்டு குறி போட்டால் ஒரு பிற்று. எட்டுக் குறி போட்டால் அதே களப்பு மூன்று பிற்றுச் சொல்லும். பதினாறு குறி போட்டால் நான்கு. விலை மலிந்தது இந்தக் குறிகளை நெருக்கியதாலும்தான். ஆனால் குறிகள் நெருங்க நெருங்கச் சிறு கசிவும் மட்டத்தை மாற்றிக் காட்டும்.

அழிப்பது இன்னும் விசித்திரம். நாயாற்றுத் தொடுவாயை மட்டும் வெட்டுவதற்கு மெமரி காட்டில் வழியில்லை. பக்கத்துக் களப்புகளான கொக்கிளாயும் நந்திக்கடலும் சேர்ந்துதான் திறக்கும். இலட்சக்கணக்கான கலங்கள் ஒரு கட்டமாக ஒரே வீச்சில் வெறுமையாகும். கமராவின் ‘பிளாஷ்’ போல இருக்கிறதே என்று தொஷிபாவில் ஒருவர் சொல்ல, அதுவே பெயராயிற்று.

வரலாறு சுருக்கமாக: 1956இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய முதல் வன்தட்டில் 50 தட்டுகள், ஏறத்தாழ ஒரு தொன் நிறை, கொள்ளளவு ஐம்பது இலட்சம் எழுத்து. இன்றைய போன் படம் ஒன்றே அதை நிரப்பிவிடும். வன்தட்டு காந்தத்தில் எழுதுவது. அது வேறு கதை. இலத்திரனைச் சிறைவைக்கும் கலத்தை டாவொன் காங், சைமன் சீ இருவரும் 1967இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கினார்கள். அதிலிருந்து பிளாஷை வளர்த்தவர் தொஷிபாவின் புஜியோ மசுவோகா. அதை 1984இல் அறிவித்தார்.

களப்பு உவமை ஓரிடத்தில் உடைகிறது. கரையின் மணல்திட்டைக் கடல் மறுபடி கட்டித் தரும். ஒட்சைட்டுப் படையைக் கட்டித்தர யாருமில்லை. ஒவ்வொரு எழுத்தும் அழிப்பும் அதைக் கொஞ்சம் கெடுக்கும். ஒரு பிற்றுக் கலம் ஏறத்தாழ ஓரிலட்சம் தடவை தாங்கும். நான்கு பிற்றுக் கலத்துக்கு ஆயிரம் தடவையே பெரிது. வெக்கை கசிவைக் கூட்டும். எழுதி எழுதித் தன் வரம்பை எட்டிய சாதாரண எஸ்எஸ்டி (கணினிக்கான பிளாஷ் சேமிப்பகம்) ஒன்று, மின்னில்லாமல் 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே தொழிற்றுறை நியமம். புதிது பல ஆண்டு தாங்கும். ஆயினும் பெட்டியிலுள்ள ‘வாழ்நாள் உத்தரவாதம்’ காட்டைத்தான் மாற்றித்தரும், படத்தையல்ல. மலிவாக வரும் ‘1 ரிபி’ காட்டுகள் பலவற்றின் உள்ளே அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். நிறைந்ததும் பழைய படத்தின் மேலேயே புதியதை எழுதும்.

2004 டிசம்பர் 26 சுனாமியிலும், பிறகு 2009 வரையான போர்க்கால இடப்பெயர்வுகளிலும் முல்லைத்தீவுக் கரையில் எத்தனையோ வீடுகளின் கலியாணப் படங்களும் காணி உறுதிகளும் போய்விட்டன. மிஞ்சியவற்றைப் போனில் படமெடுத்து வைத்திருப்பவர்கள் அந்தக் காட்டை அலுமாரிக்குள் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது. வருடத்துக்கு ஒருக்கால் வெளியே எடுத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்து, புதிய வன்தட்டு ஒன்றில் பிரதியெடுத்து, இன்னொரு பிரதியைக் கரையிலிருந்து தள்ளி, வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைக்கவேண்டும்.